சின்ன வயசு ஃபாஸ்ட் பௌலர் பெரிய ஆளா வருவானான்னு எப்படிப் பாக்குறது

போன வாரம் ஒரு அப்பா போன் பண்ணார். பையனுக்கு 15 வயசு, 128 கிலோமீட்டர் வேகத்துல போடுறான், ஸ்பீடு மெஷின்ல பாத்தாச்சு, இந்தியாவுக்கு ஆடுவானா சொல்லுங்க சார்னு கேட்டார். அந்த 128 எத்தனையாவது ஓவர்ல வந்துச்சுன்னு நான் திருப்பிக் கேட்டேன். முதல் ஓவர்ல மூணாவது பந்தாம். சரி, ஏழாவது ஓவர்ல எவ்ளோ இருந்துச்சுன்னா அதை யாரும் பாக்கல, மெஷினை உள்ள வச்சுட்டாங்க.

இந்த மாதிரி போன் எனக்கு மாசத்துக்கு ஒண்ணாவது வருது, அதனாலதான் இதை உக்காந்து எழுதறேன். நான் சென்னை லீக்ல கீழ் டிவிஷன்ல பத்து வருஷத்துக்கு மேல வேகப்பந்து போட்டவன், இப்போ சாயங்காலத்துல பசங்களுக்கு நெட்ஸ் எடுக்கறேன், அப்பப்போ ட்ரையல்ஸ்ல பேரு குறிக்கிற டேபிள்ல உக்காந்திருக்கேன். நிறைய தடவை சரியா சொல்லிருக்கேன், சில தடவை ரொம்பத் தப்பா சொல்லி ஒரு பையனோட ரெண்டு வருஷத்தை வீணாக்கிருக்கேன், அதையும் கீழ சொல்றேன். அப்பா அம்மா, ஸ்கூல் பி.டி. சார், கிளப் கோச், யாரா இருந்தாலும் இதை வச்சு ஒரு பையனை ஓரளவு நியாயமா எடை போடலாம்.

ஒரு உதாரணத்துல ஆரம்பிக்கறேன். 2018 அண்டர்-19 வேர்ல்டு கப், நியூசிலாந்துல நடந்தது, பிரித்வி ஷா கேப்டன், நாம ஜெயிச்சோம். அந்த டீம்ல எல்லாரும் வாயைப் பிளந்து பாத்தது கமலேஷ் நாகர்கோட்டி, சிவம் மாவி ரெண்டு பேரைத்தான், அண்டர்-19 பசங்க 145 பக்கம் போடுறத நம்ம ஊர் டிவில அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. அதே டீம்ல இன்னொரு பையன் இருந்தான், இடது கை, வேகம் அவங்க அளவுக்கு இல்ல, யாரும் பெருசா பேசல. அவன்தான் அர்ஷ்தீப் சிங். இந்தியாவுக்கு டி20ல முதல்ல 100 விக்கெட் எடுத்தது அவர்தான். நாகர்கோட்டிக்கு முதுகு, அடுத்தடுத்து காயம்னு வருஷக்கணக்கா போச்சு, மாவிக்கும் காயம்தான் பெரிய எதிரி. அந்த ரெண்டு பசங்க கிட்டயும் திறமை குறைச்சல்னு நான் சொல்லவே மாட்டேன். நாம எல்லாரும் 18 வயசுல ஒரே ஒரு நம்பரைப் பாத்து ஜோசியம் சொன்னோம்ல, அதுதான் தப்பு. விளையும் பயிர் முளையிலேயே தெரியும்னு சொல்வாங்க, ஃபாஸ்ட் பௌலிங்ல அது பாதிதான் உண்மை, முளையில தெரியிறது விதை எப்படின்னு மட்டும்தான், வேர் எவ்ளோ ஆழம் போகும்னு தெரிய இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும்.

சரி, பாக்குறது எப்படி. முதல்ல எங்க உக்காருறீங்கங்கிறது முக்கியம். நெட்ஸுக்குப் பின்னாடி நின்னு கோச்சோட பேசிக்கிட்டே பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு ஓவர் முழுக்க பௌலிங் கிரீஸுக்கு நேர் சைடுல, ஸ்கொயர்ல போய் உக்காருங்க, அடுத்த ஓவர் அம்பயருக்குப் பின்னாடி சைட்ஸ்கிரீன் பக்கம், அதுக்கடுத்த ஓவர் கீப்பருக்குப் பின்னாடி. மூணு இடத்துலயும் பையன் மூணு வேற ஆளா தெரிவான். போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்துக்கோங்க, இப்போ நிறைய போன்ல 240 பிரேம் வருது. அதுலயே ஓரளவு வேகமும் கணக்குப் போடலாம்: பௌலர் முன்னங்கால் ஊனுற கோட்டுல (பாப்பிங் கிரீஸ்) இருந்து எதிர்ப்பக்கம் பேட்டிங் கிரீஸ் 58 அடி, அதாவது 17.68 மீட்டர். கை பந்தை விட்ட பிரேம்ல இருந்து பேட்டுக்கு வர்ற பிரேம் வரைக்கும் எண்ணுங்க, 120 வந்தா அரை செகண்ட், சராசரி வேகம் 127 பக்கம் வரும். பந்து பிட்ச்ல பட்டு வேகம் குறையும், அதனால கையை விட்டு வந்தப்போ இதைவிட நல்லாவே கூட இருந்திருக்கும். துல்லியமான நம்பர் இல்லதான், ஆனா நமக்கு வேண்டியது துல்லியம் கிடையாது, முதல் ஓவருக்கும் பத்தாவது ஓவருக்கும் வித்தியாசம் எவ்ளோன்னு தெரிஞ்சா போதும்.

அடுத்தது வயசு. இது பேசுறதுக்கே சங்கடமான விஷயம், ஆனா இதை விட்டுட்டு மத்ததைப் பேசறது வேஸ்ட். 14, 15 வயசுல ஒரு பையன் மத்தவனை விட 15 கிலோமீட்டர் வேகமா போடுறான்னா பாதி நேரம் அவன் சீக்கிரம் வளந்துட்டான்னுதான் அர்த்தம், மீசை வந்த பையனும் வராத பையனும் ஒரே டீம்ல ஆடுறாங்க. நம்ம கிரிக்கெட் போர்டு (பிசிசிஐ) வயசுப் பிரிவுக்கு செப்டம்பர் 1 கட்-ஆஃப் வைக்குது, அண்டர்-16க்கு எலும்பு வயசு பாக்க டிடபிள்யூ3 எக்ஸ்ரே டெஸ்ட்டும் எடுக்கறாங்க. கட்-ஆஃப் அப்படி இருக்கறதால செப்டம்பர், அக்டோபர்ல பொறந்தவன் அதே குரூப்ல ஆகஸ்ட்ல பொறந்தவனை விட கிட்டத்தட்ட ஒரு வயசு பெரியவன். அந்த வயசுல ஒரு வருஷம்னா அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நான் எப்பவும் நோட்டுல பொறந்த மாசத்தை எழுதிப்பேன். ஜூலை, ஆகஸ்ட்ல பொறந்து, இன்னும் குரல் உடையாம, பெரிய பசங்க கூட ஓடி அவங்களுக்கு அஞ்சு கிலோமீட்டர்தான் கம்மியா போடுறான்னா அவன் பேருக்குக் கீழ ரெண்டு கோடு போடுவேன். அப்பா அம்மா உயரத்தைப் பாருங்க, பையனோட பாதம் எவ்ளோ பெருசுன்னு பாருங்க, உடம்புக்கு மிஞ்சின பாதம் இருந்தா இன்னும் வளர்த்தி பாக்கி இருக்கு.

இப்போ ரன்-அப். எத்தனை அடி ஓடுறான்ங்கிறது விஷயமே இல்ல, பும்ராவோட ரன்-அப்பைப் பாத்தா ஏதோ நடந்து வந்து நாலு எட்டு குதிக்கற மாதிரி இருக்கும். பாக்க வேண்டியது கடைசி நாலு எட்டு. அந்த நாலு எட்டுல வேகம் குறையாம கிரீஸுக்குள்ள வர்றானா, இல்ல ஜம்ப்புக்கு முன்னாடி பிரேக் போட்டுட்டு அப்புறம் தோளால தள்ளுறானா? பிரேக் போடுறவன் இன்னைக்கு 130 போட்டாலும் அது முழுக்க தோள், முதுகு போட்ட உழைப்பு, நாளைக்கு அந்த முதுகுதான் பில் கட்டணும்.

அடுத்து முன்னங்கால். ஸ்லோ மோஷன்ல முன்னங்கால் தரையில ஊனுற பிரேம்ல நிறுத்துங்க. முட்டி நேரா, கல்லு மாதிரி நிக்குதா, இல்ல மடங்கி உக்காருதா. ஓடி வந்த வேகம் அந்தக் கால்ல தடுக்கி மேல இடுப்பு, தோள், கைன்னு ஏறி பந்துக்குப் போகணும், சைக்கிள்ல போறவன் முன் பிரேக்கை மட்டும் புடிச்சா ஆளு ஹேண்டில் மேல பறப்பான்ல, அதே கணக்கு. முட்டி மடங்கினா பாதி வேகம் அங்கயே செத்துடும். ஆனா ஒண்ணு, அந்தக் கால் ஊனும்போது உடம்பு எடையைப் போல அஞ்சாறு மடங்கு பாரம் இறங்குது. 14 வயசுப் பையன் கிட்ட போய் முட்டியை நேரா வை, நேரா வைன்னு கத்தக் கூடாது, தொடையும் பின்பக்கமும் பலம் வந்தா தானா வரும். இந்த வயசுல முட்டி கொஞ்சம் மடங்கறதுக்காக யாரையும் கழிக்காதீங்க. மடங்காம நின்னா அது போனஸ்.

ஆக்‌ஷன்ல அழகு தேடாதீங்க, இது நான் அழுத்திச் சொல்ற விஷயம். இலங்கை மலிங்கா ரத்கமாங்கிற ஊர்ல டென்னிஸ் பால் போட்டு வந்தவர், கையைப் படுக்க வச்சு சுத்துவார், நல்ல வேளை கோச் சம்பக ராமநாயக்க அதை மாத்தாம விட்டார். இங்கிலாந்து ஆண்டர்சனுக்கு ஆரம்ப காலத்துல காயம் வராம இருக்கணும்னு ஆக்‌ஷனை மாத்தினாங்க, வேகமும் ஸ்விங்கும் போச்சு, காயமும் வந்துச்சு, அப்புறம் பழைய ஆக்‌ஷனுக்கே திரும்பி 704 டெஸ்ட் விக்கெட்ல போய் நின்னார். ஆக்‌ஷன் விசித்திரமா இருக்கலாம், ஆபத்தாதான் இருக்கக் கூடாது. ஆபத்துன்னா என்னன்னு சொல்றேன். பின்னங்கால் ஊனும்போது இடுப்பு எந்தப் பக்கம் பாக்குது, தோள் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாருங்க. ரெண்டும் பக்கவாட்டுல பாத்தா சைடு-ஆன், ரெண்டும் பேட்ஸ்மேனைப் பாத்தா ஃப்ரண்ட்-ஆன், நடுவுல ரெண்டும் சேந்து இருந்தாலும் ஓகே. இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இருந்தாலோ, பின்னங்கால்ல இருந்து முன்னங்காலுக்குப் போறதுக்குள்ள தோள் மட்டும் பின்னாடி 30 டிகிரிக்கு மேல திரும்பிட்டு வந்தாலோ அது மிக்ஸட் ஆக்‌ஷன், துணி பிழியற மாதிரி முதுகெலும்போட அடிப்பகுதியை ஒவ்வொரு பந்துக்கும் பிழியுது. இதை மட்டும் மாத்தியே ஆகணும், அதுவும் சின்ன வயசுலயே.

கை வேகமும் மணிக்கட்டும் இருக்கே, இதுல நிறைய பொறப்புலயே வர்றது. சும்மா ஒரு ஈரத் துண்டைக் கொடுத்து கையைச் சுத்தச் சொல்லுங்க, சில பசங்க கை சாட்டை மாதிரி சொடுக்கும், அந்தச் சத்தம் வேற. மணிக்கட்டைப் பாக்க ஒரு பழைய பந்துல தையலுக்கு ஒரு பக்கம் வெள்ளை பெயிண்ட் அடிச்சு போடச் சொல்லுங்க. காத்துல போகும்போது வெள்ளையும் சிவப்பும் தனித்தனியா தெரிஞ்சா ஸீம், அதாவது அந்தத் தையல், நேரா நிக்குது, ரெண்டும் கலந்து ரோஸ் கலர்ல தெரிஞ்சா தள்ளாடுது. முகமது ஷமியோட பந்தை ஸ்லோ மோஷன்ல பாத்திருப்பீங்க, ஸீம் ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், 2023 வேர்ல்டு கப்ல 7 மேட்ச்ல 24 விக்கெட் சும்மா வரல. யார்க்கர், ஸ்லோ பால், நக்கிள் பால் இதெல்லாம் சொல்லிக் கொடுத்துக்கலாம். 17 வயசுக்கு மேல மணிக்கட்டைச் சொல்லிக் கொடுக்கறது ரொம்பக் கஷ்டம், என் அனுபவத்துல முழுசா மாறினவங்க விரல் விட்டு எண்ணிடலாம்.

ஒரு சின்ன விஷயம், ஆனா மெஷினை விட நம்பலாம். பேட்ஸ்மேனைப் பாருங்க. நெட்ஸ்ல நல்லா ஆடுற ஒரு பேட்ஸ்மேன் இந்தப் பையன் கிட்ட மட்டும் கொஞ்சம் லேட் ஆகுறானா, பந்து பேட்டோட மேல் பக்கம் ஸ்டிக்கர் கிட்ட படுதா, காலை முன்னாடி வைக்க யோசிக்கறானா? கீப்பரைப் பாருங்க, அவன் கேக்காமலே ஒரு எட்டு பின்னாடி போறானா, கிளவுஸ்ல பட்டதும் கையை உதறுறானா? மெஷின்ல 125 காட்டி பேட்ஸ்மேனுக்கு 135 மாதிரி தெரியற பௌலர் இருக்கான், 135 காட்டி சுகமா அடிக்கக் கிடைக்கிற பௌலரும் இருக்கான். உயரத்துல இருந்து வர்றது, கிரீஸுக்கு முன்னாடி தள்ளி விடுறது, கையை மறைச்சு வச்சிருந்து கடைசில காட்டறதுன்னு அதுக்குப் பல காரணம் இருக்கு.

இப்போ நான் தப்புப் பண்ண கதை. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு ட்ரையல்ஸ், நூத்துக்கும் மேல பசங்க, ஆளுக்கு ஆறு பந்து. ஒரு பையன் வந்தான், ஒல்லி, கை நல்லா வருது, ஆனா ஒவ்வொரு பந்துக்கும் கிரீஸ்ல இடது பக்கம் சாய்ஞ்சு விழுறான், லைன் எங்கெங்கயோ போகுது. பேலன்ஸ் இல்லன்னு எழுதி கழிச்சுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு கிரவுண்ட்ல அதே பையனைப் பாத்தேன், பௌலிங் முடிச்சுட்டு பவுண்டரி லைன்ல உக்காந்து ஷூவைக் கழட்டறான், உள்ள இருந்து கசங்கின நியூஸ்பேப்பரா வருது. அண்ணன் ஷூவாம், ரெண்டு சைஸ் பெருசு, முன்னாடி பேப்பர் அடைச்சுப் போட்டிருக்கான், அடியில ஸ்பைக்ஸும் பாதி இல்ல. ட்ரையல்ஸ் அன்னைக்கும் இதே ஷூவாடான்னு கேட்டேன், ஆமா சார்னான். கால் ஷூக்குள்ள வழுக்கறவன் எப்படி நேரா ஊனுவான்? அவன் சைஸுக்கு ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்து ஒரு வாரம் போட வச்சேன், சாயறது முக்கால்வாசி போயிடுச்சு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அப்போல இருந்து ட்ரையல்ஸ்ல முதல்ல ஷூவைத்தான் பாப்பேன், டேபிளுக்குக் கீழ மூணு நாலு சைஸ்ல பழைய ஸ்பைக்ஸ் எப்பவும் இருக்கும். காலைல என்ன சாப்பிட்டேன்னும் கேப்பேன். விடியக்காலை நாலு மணிக்கு பஸ் ஏறி ஒரு டீ மட்டும் குடிச்சுட்டு வர்ற பையன் மூணாவது ஓவர்ல சோர்ந்து போனா அவனுக்கு ஸ்டாமினா இல்லன்னு எழுதறது பாவம்.

சரி, முக்கியமான இடத்துக்கு வர்றேன். உங்களுக்கு ஒரே ஒரு விஷயம் பாக்கத்தான் நேரம் இருக்குன்னா, மூணாவது ஸ்பெல்லைப் பாருங்க (ஸ்பெல்னா ஒருத்தன் இடைவெளி விடாம தொடர்ந்து போடுற ஓவர்கள்). 17 வயசுக்கு மேல இருக்கற பையனுக்கு நான் ஒரு முழு நாள் எடுத்துப்பேன். காலைல புதுப் பந்துல அஞ்சு ஓவர். அப்புறம் ஃபைன் லெக்ல வெயில்ல நிக்க வைக்கறது, ரெண்டு தடவை ஓடி பவுண்டரி தடுக்கணும். லஞ்ச் முடிஞ்சு நாலு ஓவர். சாயங்காலம் பந்து பழசாகி மெத்துன்னு ஆனதுக்கப்புறம் மறுபடி நாலு ஓவர். அந்தக் கடைசி நாலு ஓவர்ல அவன் எங்க கால் ஊனுறான்னு கிரீஸ்ல போய்க் குனிஞ்சு பாருங்க. காலைல போட்ட குழி ஒரு பிளேட் அளவு இருக்கும். சாயங்காலமும் அதே குழிக்குள்ள கால் விழுதுன்னா ஆக்‌ஷன் உடம்புல ஊறி நிக்குது. குழி நாலு பக்கமும் பரவி, நோ பால் வர ஆரம்பிச்சு, ஃபாலோ த்ரூ ரெண்டு எட்டுல நின்னுட்டா உடம்பு இன்னும் ரெடி இல்ல. வேகம் கொஞ்சம் குறையறது சகஜம், காலையில விட அஞ்சு ஆறு குறைஞ்சா ஒண்ணுமில்ல, பதினஞ்சு குறைஞ்சா அவன் இப்போதைக்கு டி20 பௌலர், அதுக்கு மேல பேச ரெண்டு வருஷம் ஜிம்மும் ஓட்டமும் சாப்பாடும் வேணும். இன்டர்நேஷனல் கிரிக்கெட்ல டெஸ்ட் மேட்ச் நாலாவது நாள் சாயங்காலம், 80வது ஓவருக்குப் பக்கத்துல கேப்டன் பந்தைக் கையில கொடுப்பான், அப்போ ஓடி வர்றவன்தான் வேணும். நாலு ஓவர் ஐபிஎல் ஸ்பெல்ல இது தெரியவே தெரியாது. உம்ரான் மாலிக் 2022 ஐபிஎல்ல 157 தொட்டு 22 விக்கெட் எடுத்தார், ஊரே கொண்டாடிச்சு, நானும்தான் கொண்டாடினேன், ஆனா இந்தியாவுக்கு 10 ஒன்டே, 8 டி20ல நின்னு 2023 நடுவுலயே இடம் போச்சு. அந்த வேகத்தோட லென்த்தைப் புடிச்சு நிறுத்தக் கத்துக்க அவருக்கு ரஞ்சில நாலஞ்சு சீசன் கொடுத்திருக்கணும்னு எனக்கு இன்னைக்கும் ஆதங்கம் இருக்கு.

சின்னப் பசங்களுக்கு இந்த மூணு ஸ்பெல் டெஸ்ட்டை வைக்காதீங்க, கைகூப்பிக் கேக்கறேன். இங்கிலாந்து போர்டு பல வருஷமா வச்சிருந்த கணக்கு இது: 13 வயசு வரைக்கும் ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், நாளைக்கு 10, அண்டர்-15 வரைக்கும் 6 ஓவர், நாளைக்கு 12, அதுக்கு மேல 19 வரைக்கும் 7 ஓவர், நாளைக்கு 18. இதை செவுத்துல ஒட்டி வைங்க. நம்ம ஊர்ல காலைல ஸ்கூல் மேட்ச், மதியம் அகாடமி, ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுன்னு ஒரே பையன் நாலு டீமுக்குப் போடுறான், மொத்தம் எத்தனை பந்துன்னு ஒருத்தர் கிட்டயும் கணக்கு இல்ல.

அதனாலதான் முதுகைப் பத்திக் கேக்கணும். வலது கை பௌலருக்கு இடது பக்கம் அடிமுதுகு வலிக்குது, ஒத்தக் கால்ல நின்னு பின்னாடி வளைஞ்சா சுருக்குன்னு புடிக்குதுன்னா அது சாதாரண தசைப்பிடிப்புன்னு தைலம் தேச்சு விடாதீங்க, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரோட ஆரம்பமா இருக்கலாம். எக்ஸ்ரேல பல நேரம் தெரியாது, எம்ஆர்ஐல தெரியும். முதுகெலும்பு முழுசா இறுகவே இருபது வயசு தாண்டும். பேட் கம்மின்ஸ் 2011 நவம்பர்ல 18 வயசுல ஜோகன்னஸ்பர்க்ல முதல் டெஸ்ட், ரெண்டாவது இன்னிங்ஸ்ல 79 ரன்னுக்கு 6 விக்கெட், மேன் ஆஃப் த மேட்ச். அடுத்த டெஸ்ட் எப்போ தெரியுமா, 2017 மார்ச், ராஞ்சி. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல முதுகும் மத்த காயமும். ஆஸ்திரேலியா காத்திருந்துச்சு, அதான் அவங்களுக்கு அப்படி ஒரு கேப்டன் கிடைச்சான். நம்ம லட்சுமிபதி பாலாஜி 2004 பாகிஸ்தான் டூர்ல சிரிச்சுக்கிட்டே போட்டு ரெண்டு நாட்டு ஜனத்தையும் மயக்கினவர், அதுக்கப்புறம் முதுகுல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்து ஆக்‌ஷனையே மாத்த வேண்டியதா போச்சு, அந்தப் பழைய பாலாஜியை நாம டெஸ்ட்ல திரும்பப் பாக்கல. அதனால ஒரு பையனுக்கு ஏற்கனவே காயம் இருந்துச்சுன்னா அது மைனஸ்னு உடனே எழுதாதீங்க. காயத்துக்கப்புறம் யார் பாத்தாங்க, எத்தனை மாசம் ரெஸ்ட், திரும்ப எப்படி ஆரம்பிச்சான், இதைக் கேளுங்க. மறைக்கிற பையன் கிட்டயும் மறைக்கச் சொல்ற பெரியவங்க கிட்டயும்தான் ஜாக்கிரதையா இருக்கணும்.

டென்னிஸ் பால் பசங்களைப் பத்தி ஒரு வார்த்தை. லெதர் பால் கையில புடிச்சுப் பழகாத பையன்னு கேட் கிட்டயே திருப்பி அனுப்புற ஆளுங்க இருக்காங்க, எனக்கு அது கோவம் வரும். டென்னிஸ் பால் லேசு, அதை வேகமா போடணும்னா கை உண்மையிலேயே வேகமா வரணும், பிட்ச்ல ஒண்ணும் கிடைக்காது, அதனால யார்க்கர் தானா வரும். சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயசு வரைக்கும் பெரும்பாலும் டென்னிஸ் பால்தான். 2015ல ரஞ்சி ஆடினதும் ஆக்‌ஷன் சரியில்லன்னு சொல்லிட்டாங்க, உக்காந்து மாத்தினார், தமிழ்நாடு பிரீமியர் லீக்ல (டிஎன்பிஎல்) யார்க்கரா குத்தினார், 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல ஒன்டேவும் டி20யும், 2021 ஜனவரில பிரிஸ்பேன்ல டெஸ்ட், அப்போ வயசு 29. சிராஜும் ஹைதராபாத்ல டென்னிஸ் பால்தான், டெஸ்ட் ஆடும்போது 26. பும்ராவுக்கு டெஸ்ட் கிடைச்சது 24ல. 17 வயசுல கதவைச் சாத்தற செலக்டர் இந்த மூணு பேரையும் வெளிய நிறுத்தியிருப்பார். டென்னிஸ் பால் பையனுக்கு லெதர் பால் கொடுத்து மூணு மாசம் விடுங்க, முதல் நாள் புடிக்கத் தெரியாம லெக் சைடுல போறதைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க, மாங்கா அடிக்கிற பழக்கம், அதாவது முழங்கையை மடக்கி எறியறது, அங்க நிறைய வரும். முழங்கை 15 டிகிரிக்கு மேல நீளக் கூடாதுங்கறதுதான் சட்டம், கண்ணுக்கு சந்தேகமா இருந்தா ஸ்லோ மோஷன்ல பின்னாடி இருந்தும் சைடுல இருந்தும் எடுத்துப் பாருங்க, சில பேருக்கு முழங்கை பின்பக்கம் வளையும், பும்ராவுக்கும் அப்படித்தான், அது எறியறது ஆகாது.

மனசு எப்படி இருக்குன்னு பாக்குறது இன்டர்வியூல வராது, பவுண்டரி போனதுக்கப்புறம்தான் தெரியும். நல்ல பந்து போட்டு அடி வாங்கினா அடுத்த பந்து என்ன? கோவத்துல குட்டையா குத்துறானா, பயத்துல லெக் சைடு போறானா, இல்ல அதே பந்தை இன்னும் அரை அடி தள்ளிப் போட்டுப் பாக்கறானா. மூணாவது ஆளு எனக்கு வேணும். ஓவர் முடிஞ்சு திரும்பி வரும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன், "தம்பி, அவனை எப்படி அவுட் பண்ண நினைச்ச?" பெரும்பாலும் பசங்க முழிப்பாங்க, இல்லன்னா பாஸ்ட்டா போட்டா அவுட் ஆவான்னு சொல்வாங்க. ஒரு தடவை ஒரு 16 வயசுப் பையன் சொன்னான், "சார், அவர் முன்னங்கால் குறுக்க வருது, ரெண்டு வெளிய எடுத்துட்டு ஒண்ணு உள்ள விட்டா எல்பி ஆவார்." அடுத்த ஓவர்ல ரெண்டு வெளிய, ஒண்ணு உள்ள. அம்பயர் கொடுக்கல, அது வேற விஷயம். எனக்கு அந்த அவுட்டே தேவைப்படல.

இதெல்லாம் தேறினா பெரிய கேள்வி: இன்டர்நேஷனல் லெவலா, ரஞ்சி லெவலா? என் கணக்கு இதுதான், ஒரு ஆயுதம் இருந்தா மாநில டீம், ரெண்டு சேந்து இருந்தாதான் மேல பேசலாம். வெறும் வேகத்தை அந்த லெவல் பேட்ஸ்மேன் ரெண்டே மேட்ச்ல பழகிடுவான். ஆஸ்திரேலியா மெக்ராத் 130 சொச்சம்தான், ஆனா உயரம், கூடவே தினமும் ஒரே இடத்துல குத்துற துல்லியம், டெஸ்ட்ல 563 விக்கெட். அர்ஷ்தீப்புக்கு இடது கை கோணம், கூட புதுப் பந்து ஸ்விங்கும் கடைசி ஓவர் யார்க்கரும். தென்னாப்பிரிக்கா மார்கோ யான்சனுக்கு ஆறடி எட்டு அங்குலத்துக்கு மேல உயரம், அதுவும் இடது கை. அதே ஊர் ரபாடா 2014 அண்டர்-19 வேர்ல்டு கப் செமி ஃபைனல்ல ஆஸ்திரேலியாவை 25 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து சாச்சப்போ வேகம் மட்டும் இல்ல, ஆக்‌ஷன்ல ஒரு சிரமமும் இல்லாம எண்ணெய் விட்ட மெஷின் மாதிரி வந்தான், அந்தச் சிரமமில்லாத தன்மையே ரெண்டாவது ஆயுதம், அடுத்த வருஷம் ஒன்டே முதல் மேட்ச்லயே ஹாட்ரிக்கோட 16க்கு 6. எந்த ரெண்டுன்னு நீங்க எழுத முடியலன்னா அந்தப் பையன் கிட்ட இன்னும் ஒண்ணுதான் இருக்குன்னு அர்த்தம், ரெண்டாவதைத் தேடிக் கொடுக்கறது கோச்சோட வேலை.

ஆடுற இடமும் பந்தும் நம்மளை ஏமாத்தும். மேட்டிங்ல (பாய் விரிச்ச பிட்ச்) எகிறற பந்து டர்ஃப்ல (மண்ணும் புல்லும் உள்ள பிட்ச்) தொடை உயரம் கூட வராது. பந்து செய்யற கம்பெனியைப் பொறுத்தும் மாறும்: எஸ்ஜி பந்துல ஸீம் நல்லா தூக்கலா இருக்கும், கூக்கபுரால கொஞ்ச ஓவர்லயே அமுங்கிடும், ட்யூக்ஸ்ல நாள் முழுக்க ஏதாவது நடக்கும். முடிஞ்சா ஒரு பையனை ரெண்டு வகை பிட்ச்ல பாருங்க. செத்த பிட்ச்ல 20 ஓவர் போட்டு 60 ரன்னுக்கு 1 விக்கெட் எடுத்தவன், பச்சை பிட்ச்ல 5 எடுத்தவனை விட எனக்கு ஒசத்தி.

கடைசியா, ஒரே தடவை பாத்து முடிவு சொல்லாதீங்க, நல்லதோ கெட்டதோ. நான் ஒவ்வொரு பையனுக்கும் போகும்போது ஒரே ஒரு திருத்தம் சொல்லி அனுப்புவேன், ஒண்ணுதான், ரெண்டு சொன்னா ரெண்டும் போயிடும். இடது கையை சீக்கிரம் கீழ விடாத, கடைசி எட்டை சின்னதா வை, இந்த மாதிரி. மூணு மாசம் கழிச்சு மறுபடி கூப்பிட்டு, அதைப் பத்தி வாயே திறக்காம பௌலிங் போடச் சொல்வேன். அந்தத் திருத்தம் பந்துல தெரிஞ்சா அவன் தனியா உக்காந்து வேலை பாத்திருக்கான். சச்சின் 1987ல ஃபாஸ்ட் பௌலர் ஆகணும்னு சென்னை எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனுக்கு வந்தப்போ அங்க கோச்சா இருந்த ஆஸ்திரேலியா ஃபாஸ்ட் பௌலர் டென்னிஸ் லில்லி பேட்டிங்கைப் பாருன்னு நேரா சொல்லி அனுப்பினார், அந்த மாதிரி நேர்மையா சொல்ற தைரியமும் வேணும், ஆனா சொல்றதுக்கு முன்னாடி ஒழுங்கா பாத்திருக்கணும்.

நோட்டுல ஒரு பையனுக்கு ஒரு பக்கம். பொறந்த மாசம், அப்பா அம்மா உயரம், ஷூ சைஸ், முதல் ஸ்பெல் வேகம், மூணாவது ஸ்பெல் வேகம், கால் குழி எப்படி இருந்துச்சு, முதுகு, அவன் சொன்ன அந்த ஒரு பதில், நான் சொன்ன அந்த ஒரு திருத்தம். பக்கத்தோட அடியில அவனை மறுபடி பாக்க வேண்டிய தேதி. அந்த 128 பையனோட அப்பாவுக்கு நான் கொடுத்ததும் ஒரு தேதிதான், பொங்கல் லீவு முடிஞ்ச முதல் சனிக்கிழமை, காலைல ஆறரை மணி, வரும்போது அவன் வழக்கமா போடுற ஷூவையே எடுத்துட்டு வரச் சொல்லிருக்கேன்.